எட்டுப் பெட்டிகளும் ஒரு மேடைப் பேச்சும்

ரிப்பன் வெட்டியாயிற்று. கைதட்டியாயிற்று. முதல்வர் ஃபாதர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஓட்டிக் காட்டுங்க, அமலி மேடம்."

எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் ஒளியியல் சோதனைகளுக்கென்று இருந்த இருட்டறை அது. கறுப்புத் திரைகளைக் கழற்றி, வெள்ளையடித்து, இரண்டு இரும்பு அலமாரிகளில் எட்டு கணினிப் பெட்டிகளை அடுக்கியிருந்தேன். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு நீல விளக்கு, தலையில் ஒரு முழம் மல்லிகை. புது பிளாஸ்டிக் வாசனையும் பூ வாசனையும் கலந்து, கல்யாண வீட்டில் சீர் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்ததுபோல் இருந்தது.

சற்று முன்புதான் ஃபாதர் மந்திரித்து முடித்திருந்தார். அவர் புனித நீரைத் தெளிக்கக் கையை ஓங்கியபோது, எங்கள் ஆய்வக உதவியாளர் சகாயராணி சட்டென்று அலமாரிக்கு முன்னால் போய் நின்று மொத்தத்தையும் தன் முகத்தில் வாங்கிக்கொண்டாள். பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மொதல்ல ஒரே ஒரு பெட்டி இந்தச் சின்ன மாதிரிக் கணக்கைப் போடும். அப்பறம் எட்டும் சேந்து அதே கணக்கைப் போடும். வித்தியாசத்தை நீங்களே பாக்கலாம்."

ஒத்திகை பார்த்திருக்கவில்லை. முந்தின நாள் மாலைதான் ஒயர்களை மாட்டி முடித்தோம். எட்டு என்பது ஒன்றைவிட எட்டு மடங்கு, இதில் ஒத்திகைக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நான் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்பதை வாசகர்கள் இந்த இடத்தில் நினைவில் கொள்ளவும்.

ஒற்றைப் பெட்டி ஒன்பது நிமிடத்தில் முடித்தது. அதற்குள் எல்லோருக்கும் மிக்சரும் காபியும் வந்தன. பிறகு எட்டையும் முடுக்கினேன். எட்டு மின்விசிறிகளும் சேர்ந்து ஊ என்று ஊதின. ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. மிக்சர் தட்டுகள் காலியாயின. பன்னிரண்டாவது நிமிடத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். பதினான்காவது நிமிடத்தில் கணக்கு முடிந்தது.

எட்டுப் பேர் சேர்ந்து, ஒருவர் செய்ததைவிட ஐந்து நிமிடம் தாமதமாகச் செய்திருந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற பொறியாளர், நல்ல மனிதர். "புதுசுல்ல, பழகணும்" என்றார்.

அந்த வாய்ப்பை அப்படியே எடுத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "எட்டும் சேந்து போடுறப்ப விடை இன்னும் துல்லியமா வரும். அதான் கொஞ்சம் நேரம் எடுக்குது" என்றேன்.

இது பொய். எல்லோரும் தலையாட்டினார்கள். சகாயராணி மட்டும் தரையைப் பார்த்தாள்.

கடைசி வரிசையில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து வந்த கலைமணி உட்கார்ந்திருந்தார். விசைப்படகு ஓட்டுபவர். அறந்தாங்கியில் பஸ் மாறி, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்திருந்தார். வெளியே வரும்போது என்னிடம் நெருங்கி, "துல்லியந்தான டீச்சர் நமக்கு வேணும்" என்றார்.

அந்த எட்டுப் பெட்டிகளும் அவருக்காகத்தான் வாங்கப்பட்டவை.

மைக் கையில் கிடைத்தால்

எனக்கு ஒரு வியாதி உண்டு. மைக் கையில் கிடைத்தால் வாக்குக் கொடுத்துவிடுவேன். ஆவூரில் பிள்ளையாக இருந்த காலத்திலேயே, கோயில் விழா மேடையில் ஏறி, அடுத்த ஆண்டு நான் எழுதிய நாடகம் போடப்போவதாக அறிவித்தவள். நாடகம் இன்றுவரை எழுதப்படவில்லை.

இந்த முறை கட்டுமாவடி. கல்லூரியின் சேவை முகாமில், மீனவர்களுக்கு அறிவியல் பற்றிப் பேச என்னை அழைத்துப் போயிருந்தார்கள். கடல் நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது என் ஆராய்ச்சி. காற்றும் அலையும் நீரோட்டமும் தெரிந்தால், ஒரு மிதக்கும் பொருள் எங்கே போகும் என்று கணினி சொல்லிவிடும் என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

கலைமணி எழுந்து நின்றார். அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன்.

"டீச்சர், இன்ஜின் நின்னுபோன போட்டும் மெதக்குற பொருள்தான?"

"ஆமாங்க."

"காத்து எங்கிட்டு தள்ளும்னு எங்களுக்கே தெரியும். ஜிபிஎஸ்ஸும் இருக்கு. ஆனா எல்லைக் கோட்டுக்குப் போய்ச்சேர எம்புட்டு நேரம் இருக்குன்னு தெரியாது. அஞ்சு நிமிசத்துல சரியாயிரும், அஞ்சு நிமிசத்துல சரியாயிரும்னு இன்ஜினையே பாத்துக்கிட்டு இருப்போம். தலையத் தூக்கிப் பாத்தா அந்தப் பக்கம் நிப்போம். அது ஒங்க கம்ப்யூட்டர் சொல்லுமா?"

அந்தப் பக்கம் போனால் என்ன நடக்கும் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நாட்டுக் கடற்படை பிடித்தால் படகும் போகும், ஆட்களும் போவார்கள். கலைமணியின் தம்பி அந்தோணி அப்படித்தான் நின்றுபோன இன்ஜினோடு தள்ளிக்கொண்டு போய், பல மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். வந்த பிறகு கடலுக்குப் போவதையே விட்டுவிட்டு ஐஸ் பிளான்ட்டில் கட்டி உடைத்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கையில் மைக் இருந்தது என்பதுதான்.

"சொல்லும்" என்றேன். "எந்தக் காத்துக்கு, எவ்வளவு தூரத்துக்கு, எவ்வளவு நேரம்னு ஒரு அட்டவணை போட்டு, வர்ற மீன்பிடித் தடைக்காலம் முடியிறதுக்குள்ள ஒங்க கையில தர்றேன்."

பலத்த கைதட்டல்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றின் திசை, வேகம், மாதம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் இருநூறுக்கும் மேல் கணக்குகள் வரும். என் மேசையில் இருந்த பழைய கணினிக்கு ஒரு கணக்குக்கு நான்கு நாள் ஆகும். இரண்டு ஆண்டு தாண்டிவிடும்.

கொட்டேஷன்

ஆக, பல கணினிகளை ஒயரால் இணைத்து ஒரே கணினிபோல் வேலை வாங்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனிக் கட்டடமே இருக்கும். எனக்குக் கிடைத்த ஆராய்ச்சி நிதியில் ஓடி ஓய்ந்த கார் ஒன்று வாங்கலாம்.

பொருள் தேர்ந்தெடுப்பதில் என் திறமையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். புடவை எடுக்கப் போனால் நான் பார்டரைத்தான் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து விரித்தால் உடல் பகுதி வலைபோல இருக்கும். என் கணவர் இப்போதெல்லாம் கடைக்கே வருவதில்லை. பில்லை மட்டும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

கணினியிலும் பார்டர் உண்டு. அதற்குப் பெயர் பிராசஸர். பெட்டியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்பார்கள். உடல் பகுதி என்பது ரேம். கணக்குப் போடும்போது எண்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசை அது. எவ்வளவு கெட்டிக்காரர் கணக்குப் போட்டாலும், மேசை முக்காலி அளவுக்கு இருந்தால் தாளை எங்கே வைப்பார்? ஆனால் ரேமுக்கு ஸ்டிக்கர் கிடையாது.

மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கினேன். நல்ல ரேமோடு நான்கு பெட்டி வாங்கலாம். அல்லது ரேமைக் குறைத்துக்கொண்டு, பெரிய பிராசஸரோடு எட்டு வாங்கலாம்.

நான்கு பெட்டி ஒரு அலமாரியில் அடங்கிவிடும். ஃபோட்டோவில் எடுபடாது. நான் எட்டு என்று எழுதினேன்.

சகாயராணி பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். திருவரங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். பன்னிரண்டு ஆண்டுகளாக என்னோடு இருக்கிறாள். துறையில் எந்தக் கருவி பழுதானாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவோம். சரிசெய்தபின் நன்றியை மட்டும் கடவுளுக்குச் சொல்வோம்.

"மேடம், மொதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்கி, நம்ம புரோகிராமை அதுல ஓட்டிப் பாப்பமா? ரேம் பத்துதான்னு தெரிஞ்சுக்கிட்டு மிச்சத்தை வாங்கலாம்ல?"

"மார்ச்சு முடிஞ்சா நிதி திரும்பிப் போயிரும் சகாயம். அதெல்லாம் பாக்க நேரமில்ல."

"ரெண்டு நாள் வேலைதான மேடம்?"

"எத்தனை வருசமா இந்தக் கணக்கைப் போட்டுக்கிட்டு இருக்கேன்? எனக்குத் தெரியாதா?"

அவள் மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கினாள். பட்டியலின் கடைசி வரிக்கு வந்தோம். பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச். பணம் அதற்கு எட்டவில்லை. ஆபீஸ் ரூமில் பழைய சுவிட்ச் ஒன்று சும்மா கிடப்பது நினைவுக்கு வந்தது. சிக்கனம் செய்த பெருமையோடு அந்த வரியை அடித்தேன்.

எட்டுப் புது மெஷின்களுக்கும் நடுவில் பேச்சு வார்த்தை நடத்த, பதினைந்து வருடம் பழைய பெட்டி ஒன்றை உட்கார வைத்தேன் என்று அர்த்தம்.

செருப்பைக் கழற்றிய காலம்

என் தலைமுறைக்குக் கணினிமேல் ஒரு பயபக்தி உண்டு. நான் இளங்கலை படித்தபோது, கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வளாகத்திலேயே ஏ.சி. இருந்த ஒரே அறை அதுதான். மே மாதத்தில் எங்களில் பாதிப் பேர் கணினி கற்கவில்லை, குளிர் காய்ந்தோம். வெயில் காலத்தில் குளிர் காய்வது என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அந்த அறையில் ஒரு சார் இருந்தார். யாராவது கீபோர்டில் கொஞ்சம் வேகமாகத் தட்டினால், "மெதுவா, அதுக்கு வலிக்கும்" என்பார். அந்தப் பயத்தில் வளர்ந்ததால்தானோ என்னவோ, பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சகாயராணிக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. திறப்பு விழாவுக்கு மறுநாள் காலை நான் வந்தபோது, எட்டுப் பெட்டிகளும் பக்கவாட்டில் திறந்து கிடந்தன. வாடிய மல்லிகைச் சரங்களை ஒரு தட்டில் குவித்து வைத்திருந்தாள்.

"மேடம், இங்கிட்டு வாங்க. ஒரே ஒரு ரேம் குச்சிதான் போட்டிருக்கு. பக்கத்துல இடம் காலியாக் கெடக்கு, பாருங்க."

பார்த்தேன். எட்டிலும் அப்படித்தான். நான் ஒப்புக்கொண்ட கொட்டேஷனில் தெளிவாக அப்படித்தான் எழுதியிருந்தது. கடைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

விஷயம் விளங்கிவிட்டது. உண்மையான கணக்கு ஒரு பெட்டியின் ரேமில் கொள்ளாது. அதனால் எட்டாக வெட்டிப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். பகிர்ந்தால் ஒவ்வொன்றும் மற்றதிடம் ஓயாமல் விடை கேட்கும். கேட்பது, சொல்வது எல்லாம் அந்தப் பழைய சுவிட்ச் வழியாக. கணக்குப் போடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம்.

கையில் பணம் இல்லை. தடைக்காலம் தொடங்கிவிட்டது. இரண்டு மாதம் இருந்தது.

ஜெகதாப்பட்டினம்

நான்கு நாள் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் பஸ் ஏறினேன்.

தடைக்காலத்தில் துறைமுகம் வேறு மாதிரி இருக்கும். படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. மீன் வாடையைவிடப் பெயின்ட் வாடை அதிகம் வந்தது. கலைமணி தன் படகின் அடிப்பாகத்தில் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். பிராசஸர் என்றால் மீன் தரம் பிரிக்கும் பெண்கள், ரேம் என்றால் கூடை, சுவிட்ச் என்றால் கூடை தூக்குகிறவர் என்று அருமையான உவமை. சொல்ல ஆரம்பித்தேன். கூடை வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர், சார்ட் வருமா, வராதா?"

என் உவமை அங்கேயே நின்றது.

"தெரியலங்க. அன்னைக்கு துல்லியம்னு சொன்னது பொய். வெக்கத்துல சொல்லிட்டேன். தப்பான சாமானை வாங்கிட்டேன், அதான் மெதுவா ஓடுச்சு."

அவர் சுரண்டுவதை நிறுத்தினார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"ஆமாங்க."

"நானும் போன வருசம் தப்பான புரொபெல்லர் வாங்கினேன். யார்கிட்டயும் சொல்லல." பிறகு ஐஸ் பிளான்ட் பக்கம் கையைக் காட்டினார். "தம்பி அங்கிட்டுதான் இருக்கான். சார்ட் வந்தா கடலுக்கு வாரேன்னு சொல்லியிருக்கான். அவனுக்குக் கடலுக்குப் போகணும்னு ஆசைதான் டீச்சர், பயம் விடல. அதான் கேக்குறேன்."

டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசக்கூட வாய் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சங்கதி என்று புரியும்.

ஆளுக்கு ஒண்ணு

மறுநாள் அறையில் நானும் சகாயராணியும் பெட்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

"எட்டும் சேந்துதான் ஒரு கணக்கைப் போடணுமா மேடம்?"

"தனியாப் போட முடியாது. ரேம் பத்தாது."

"நாலுல இருக்குற ரேமை உருவி மத்த நாலுல சொருகிட்டா?"

நான் எழுந்து ஒரு பெட்டிக்குள் இருந்த காலி இடத்தைப் பார்த்தேன்.

"ரெட்டை ரேம் இருந்தா ஒரு முழுக் கணக்கு ஒரு பெட்டியில கொள்ளும்ல? இருநூறு கணக்கு இருக்கு. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் சம்பந்தமில்லன்னு நீங்கதான சொன்னீங்க? ஆளுக்கு ஒண்ணு போடட்டுமே. எதுக்கு ஒயரு? எதுக்கு சுவிட்ச்சு?"

இருபது ஆண்டு அனுபவம், முனைவர் பட்டம், மூன்று கொட்டேஷன் எல்லாம் அந்த நிமிடம் இருட்டறையின் தரையில் கிடந்தன. ஒரே படகைப் பற்றிய ஒரே கணக்கையா நான் போட வேண்டியிருந்தது? இருநூறு தனித்தனிக் கணக்குகள். முதல் நாளிலிருந்து அவை தனித்தனியாகத்தான் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி எட்டுப் பேருக்குப் பங்கு வைக்க நினைத்தவள் நான்.

மாலைக்குள் மாற்றி முடித்தாள். நான்கு பெட்டிகள், ஒவ்வொன்றும் தன்பாட்டில், ஒயரே இல்லாமல். மறுநாள் மாலை நான்கு கணக்குகள் முடிந்திருந்தன.

மற்ற நான்கும் ரேம் இல்லாத வெறும் கூடுகள். அவற்றைக் கீழ்த்தட்டில் வைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து ஃபாதர் வேறொரு கல்லூரியிலிருந்து வந்த விருந்தினர்களை அழைத்துக்கொண்டு வந்தார். "எட்டு கணினிகள் இணைந்த அமைப்பு" என்று அறிமுகம் செய்தார். ஒருவர் குனிந்து பார்த்து, "கீழ நாலும் ஓடலையே?" என்றார்.

"அதுங்க அடுத்த ஷிப்ட்டு சார்" என்றாள் சகாயராணி.

விருந்தினர்கள் போனதும் நான் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்னொரு பொய்யைச் சுமக்கத் தெம்பில்லை. அமைதியாகக் கேட்டார்.

"நாலு சும்மாதான் இருக்குன்னா, ஆபீசுக்கு ஒண்ணு குடுங்களேன்."

"ரேம் இல்ல ஃபாதர்."

"அது இல்லாட்டி ஓடாதா?"

"ஓடாது ஃபாதர்."

"அப்பறம் ஏம்மா வாங்குனீங்க?"

என் ஆராய்ச்சி வாழ்க்கையில் யாரும் கேட்ட கேள்விகளில் மிகச் சரியான கேள்வி அது. அடுத்த ஆண்டு நிதியில் முதல் வேலையாக ரேம் வாங்கினோம், அதையும் முதலில் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்து.

பதினோரு மணிக் காற்று

தடைக்காலம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அட்டவணை தயாரானது. லேமினேஷன் செய்து, ஆணி அடிக்க நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு, கலைமணியிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் படகின் வீல்ஹவுஸில், சுக்கான் பிடிக்கிறவர் கண்ணில் படும்படி அடித்துவைத்தார்.

சில வாரங்கள் கழித்து அவரிடமிருந்து போன். "டீச்சர், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஒங்க சார்ட்டு விசயமா."

குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கலைமணியோடு மெலிந்த ஒருவர் நின்றிருந்தார். கையெல்லாம் கிரீஸ். தம்பி அந்தோணி. அண்ணனின் படகில் இன்ஜின் வேலை பார்க்கத் திரும்பியிருந்தார்.

கலைமணிதான் சொன்னார். காலை பதினோரு மணி. மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இன்ஜின் நின்றுவிட்டது. எல்லைக் கோடு பக்கம்.

"இவன் வழக்கம்போல இன்ஜினுக்குள்ள தலைய விட்டுட்டான். அஞ்சு நிமிசம்ணே, அஞ்சு நிமிசம்ணேங்குறான். நான் சார்ட்டைப் பாத்தேன். அந்தக் காத்துக்கு, அந்தத் தூரத்துக்கு ரெண்டு மணி நேரம்னு போட்டிருந்துச்சு. டேய், ரெண்டு மணி நேரந்தான் இருக்கு, மொதல்ல நங்கூரத்தைப் போடுடான்னேன்."

அந்தோணி முதல்முறையாகப் பேசினார். "அண்ணன் சொன்னா நம்ப மாட்டேன் டீச்சர். எழுதியிருக்குன்னு சொன்னதும் போட்டுட்டேன்."

"இன்ஜின் கெளம்ப எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அஞ்சு மணி நேரம்" என்றார் கலைமணி.

நோட்டைத் திறந்தேன். 'கணித்தது', 'நடந்தது' என்று இரண்டு பத்திகள் கோடு போட்டு வைத்திருந்தேன். இருபது ஆண்டு ஆராய்ச்சியில் முதன்முதலாகக் கடலில் ஒரு உண்மையான படகு என் கணக்கைச் சோதித்திருக்கிறது.

"அந்த ரெண்டு மணி நேரம்ங்கிறது சரியா இருந்துச்சா? முன்னப் பின்ன இருந்துச்சா?"

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது எப்புடி டீச்சர் தெரியும்?" என்றார் கலைமணி. "நங்கூரம் போட்டுட்டோம்ல. போட்டு நகரவே இல்லயே."

அந்தோணி சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. 'கணித்தது' என்ற பத்தியில் இரண்டு மணி என்று எழுதினேன். 'நடந்தது' என்ற பத்தியில் எழுத ஒன்றுமில்லை. காலியாக விட்டு, நோட்டை மூடினேன்.